அவசரப்படாத உண்ணி

மே, ஜூனில் நியூ ஜெர்சி, கனெக்டிகட் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெற்றோர் பலருக்கு இந்த அனுபவம் வாய்த்திருக்கும். மாலையில் மரங்கள் அடர்ந்த பாதையில் காலாற நடந்துவிட்டு வந்து குளிக்கும்போது, முழங்காலுக்குப் பின்னால் புதிதாக ஒரு மச்சம் தட்டுப்படும். உற்றுப் பார்த்தால் மச்சத்துக்குக் கால் முளைத்திருக்கும். வீடே அமளியாகிவிடும். 'லைம்' என்ற நோயின் பெயரை யாராவது சொல்ல, இன்னொருவர் கார் சாவியைத் தேடுவார். நாம் டீயை ஆற்றிக்கொண்டே இதைப் பார்க்கலாம். அந்த அளவுக்கு நேரம் இருக்கிறது.

அந்த மச்சம் ஓர் உண்ணி. நம்மூர் மாட்டிலும் நாயிலும் பார்த்த அதே கூட்டம்தான், இனம் மட்டும் வேறு. அமெரிக்காவின் வடகிழக்கில் லைம் நோயைப் பரப்புவது கருங்கால் உண்ணி. அது பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழவும் செய்யாது. புல்நுனியைப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் நீட்டியபடி காத்திருக்கும். நம் மூச்சுக்காற்றை அது மோப்பம் பிடிப்பதும் அந்த முன்னங்கால்களால்தான். உரசிக்கொண்டு யார் போனாலும் தொற்றிக்கொள்ளும்.

இரண்டு வருட ஆயுளில் அதற்கு மூன்று பருவங்கள். பருவத்துக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் லைம் கிருமி கிடையாது. பெரும்பாலும் வெள்ளைக்கால் எலியின் ரத்தத்தைக் குடிக்கும்போதுதான் கிருமி அதற்குள் போகிறது. ஊரில் பழியெல்லாம் மான் மேல்தான் விழும். பாவம், மான் வளர்ந்த உண்ணிக்குச் சோறு போடுகிறதே தவிர, கிருமியைக் கொடுப்பதில்லை. எலியிடம் கிருமியை வாங்கிய குஞ்சு, அடுத்த வருடம் கசகசா அளவில் இளம் உண்ணியாகப் புல்லில் ஏறி நிற்கிறது. மனிதருக்கு நோயைக் கொடுப்பது அதிகமும் இந்தப் பொடிசுதான். கண்ணில் படுவதில்லை, அதுதான் காரணம்.

1970களில் கனெக்டிகட்டின் லைம், ஓல்ட் லைம் என்ற ஊர்களின் வட்டாரத்தில் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. பாலி மர்ரே என்ற தாய், யார் யாருக்கு என்னென்ன என்று குறித்துவைத்துக்கொண்டு அதிகாரிகளின் கதவைத் தட்டினார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் குழுவினர் 1977இல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார்கள். கிருமி எது என்று 1982இல் அறிவித்தவர் வில்லி பர்க்டார்ஃபர். உண்ணியை அறுத்துப் பார்த்தபோது, சுருள் வடிவத்தில் ஒரு பாக்டீரியா அதன் குடலுக்குள் கிடந்தது.

குடலுக்குள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். கடித்துவிட்டது என்றால் கிருமி ஏறிவிட்டது என்றுதான் கிட்டத்தட்ட எல்லோரும் நினைக்கிறோம். கொசுவிடம் பழகிய மனது அப்படித்தான் நினைக்கும். டெங்குக் கொசுவின் எச்சில் சுரப்பியில் வைரஸ் முன்கூட்டியே தயாராக இருக்கும். குத்திய சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். உண்ணியின் கதை வேறு. லைம் கிருமி, இரவு பஸ்ஸின் கடைசி சீட்டில் அயர்ந்து தூங்கும் பயணி மாதிரி. விளக்கைப் போட்டதும் குதித்துவிட முடியாது. எழுந்து, போர்வையை மடித்து, செருப்பைத் தேடி, பையோடு வாசலுக்கு வர வேண்டும். உண்ணி குடிக்கும் சூடான ரத்தம்தான் அந்த விளக்கு. அது பட்டதும் கிருமி பெருகுகிறது. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவிய மேலுறைப் புரதத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை அணிகிறது. பிறகு எச்சில் சுரப்பிக்கு நகர்கிறது. இதற்கெல்லாம் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 24 மணி நேரத்துக்குள் உண்ணியை எடுத்துவிட்டால் லைம் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். (போவசான் என்று ஒரு வைரஸ் உண்டு, அது கால் மணி நேரத்திலேயே இறங்கிவிடும். நல்லவேளை, அபூர்வம்.)

ஆக, அவசரம் ஆஸ்பத்திரிக்குப் போவதில் இல்லை, உண்ணியை எடுப்பதில்தான். நம்மவர்களின் கை முதலில் மண்ணெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ போகும். அமெரிக்கர்கள் நகப்பூச்சும் தீக்குச்சியும் எடுப்பார்கள். எல்லாமே வீண் வேலை. தானாக விடட்டும் என்று காத்திருந்தால், அது குடிக்கும் நேரத்தை நாமே நீட்டிக்கொடுக்கிறோம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, வாய்ப்பகுதியில் பிடியுங்கள். வயிற்றை நசுக்கக் கூடாது. திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுத்தால் தோல் லேசாகக் கூம்பி எழும்பி, பிறகு விட்டுக்கொடுக்கும். வாயின் துணுக்கு உள்ளே தங்கினாலும் பாதகமில்லை, உடலே தள்ளிவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உண்ணியை டேப்பில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். நடந்துவிட்டு வந்த துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிட்டால், அதில் ஒளிந்திருப்பவை செத்துப்போகும். வெறுமனே துவைத்தாலே செத்துவிடும் என்று நம்ப முடியாது.

மறுநாளே ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்று தோன்றும். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். மறுநாள் 'இல்லை' என்று வரும் அறிக்கையை நம்பி நிம்மதியாக இருப்பது, பரிசோதிக்காமல் இருப்பதைவிட மோசம்.

அதைவிட நம்பகமானது நம் கண்தான். கடித்த முதல் ஓரிரு நாளில் வரும் சின்னச் சிவப்பு வெறும் கடித்தடம். லைம் தடம் 3 முதல் 30 நாட்களுக்குள் வரும், நாளுக்கு நாள் விரியும், உள்ளங்கை அளவையும் தாண்டும். அரிப்போ வலியோ பெரும்பாலும் இருக்காது. நூற்றில் 70, 80 பேருக்கு இது வருகிறது. லைம் பற்றிய படங்களில் காட்டுகிற வட்டத்துக்குள் வட்டம் பலருக்கு வருவதே இல்லை. நம் மாநிறத் தோலில் சிவப்பாகத் தெரியாமல், அடிபட்டுக் கன்றிப்போன இடம்போல் தெரியலாம். 'எங்கேயோ இடித்துக்கொண்டேன்' என்று விட்டுவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. பகல் வெளிச்சத்தில் பாருங்கள், தினமும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தடம் விரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ மருத்துவரிடம் போங்கள். அந்தத் தடத்துக்கு டாக்ஸிசைக்ளின் 10 முதல் 14 நாட்கள் கொடுப்பார்கள். கவனிக்காமல் விட்டால்தான் நரம்பு, இதயம், மூட்டு என்று போகும். ஒன்றரை நாளுக்கு மேல் ஒட்டியிருந்த கருங்கால் உண்ணி என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்துத் தடுப்பதும் உண்டு. அதற்குத்தான் டேப்பில் தேதி.

ஊர் திரும்பிய பிறகு தொழுவத்து உண்ணியைப் பார்த்து லைம் என்று பதற வேண்டாம். தமிழ்நாட்டில் புல், புதர் பக்கம் போகிறவர்கள் பயப்பட வேண்டியது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு. அதைக் கொண்டுவருவது உண்ணியைவிடப் பொடியான, கண்ணுக்கே எளிதில் தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு. கடித்த இடத்தில் கருத்துக் காய்ந்த ஒரு பொருக்கு இருக்கும். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் வலிக்காமல் ஒளிந்திருப்பதால் நோயாளிக்கே தெரியாது. நாள்பட்ட காய்ச்சலோடு போகும்போது அதைத் தேடிப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். மருந்து அங்கேயும் பெரும்பாலும் அதே டாக்ஸிசைக்ளின்தான்.