போகும்போது மெதுவாக, வரும்போது வேகமாக

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஒருவர் சைக்கிளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போகிறார். திரும்பும்போது சைக்கிளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருகிறார். டெம்போவின் வேகம் மணிக்கு 24 கி.மீ. போய்வந்ததில் அவருடைய சராசரி வேகம் என்ன?

“12-ம் 24-ம் 36. அதில் பாதி 18” என்று நம் வகுப்பில் பலரும் உடனே சொல்வார்கள். அது சரியில்லை. சராசரி வேகம் என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும்.

போக 2 மணி நேரம். வர 1 மணி நேரம். மொத்தம் 48 கி.மீ., 3 மணி நேரம். 48-ஐ 3-ஆல் வகுத்தால் 16. சைக்கிளில் இருந்த நேரம் டெம்போவில் இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு. அதனால்தான் சராசரி மெதுவான பக்கம் சாய்கிறது.

இந்தக் கணக்கு ரயில்வே குரூப் டி போன்ற தேர்வுகளில் வரும். பத்தாவது படித்தவர்கள் எழுதும் தேர்வு அது. தமிழிலும் எழுதலாம். 2022-இல் நடந்த தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தப்பாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு நம் அவசரம் தெரியும். அந்த ‘பாதி’ விடையை நான்கில் ஒன்றாக வைத்திருப்பார்கள்!

போகும் தூரமும் வரும் தூரமும் சமம் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு வேகங்களையும் பெருக்குங்கள். அதை இரண்டு மடங்காக்குங்கள். இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 40-ம் 60-ம் என்றால் பெருக்கினால் 2400. இரண்டு மடங்கு 4800. கூட்டுத்தொகை 100. விடை 48.

சில சமயம் இதுவும் வேண்டாம். விடைகளைப் பார்த்தாலே போதும். சாமுண்டி மலைக்கு ஏறும்போது மணிக்கு 20, இறங்கும்போது 30. விடைகள்: 25, 24, 26, 28. சரியான விடை பாதியான 25-ஐ விடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படி இருப்பது 24 ஒன்றுதான். பேனாவைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் கேள்வியை முழுதாகப் படியுங்கள். “2 மணி நேரம் 40 வேகத்தில், அடுத்த 2 மணி நேரம் 60 வேகத்தில்” என்று இருந்தால் நேரம் சமம். அப்போது 50 என்பதே சரி. சமமாக இருப்பது தூரமா, நேரமா? முதலில் அதைத் தேடுங்கள்.

நின்ற நேரமும் மொத்த நேரத்தில் சேரும். சென்னை–மைசூர் வந்தே பாரத் ரயில் 2022 நவம்பரில் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 500 கி.மீ. பயண நேரம் சுமார் ஆறரை மணி. வழியில் நூறு கி.மீ. வேகத்தைத் தாண்டியும் ஓடுகிறது. சராசரி என்னவோ 77-தான். ‘நின்ற நேரம் நீங்கலாக’ என்று கேள்வியில் இருந்தால் மட்டும் அதைக் கழியுங்கள்.

ஒரு குறும்புக் கேள்வியும் உண்டு. 30 கி.மீ. தூரத்தை மணிக்கு 30 வேகத்தில் போயாயிற்று. போய்வந்த சராசரி 60 ஆக வேண்டும். எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்று கை போகும். மொத்தத் தூரம் 60 கி.மீ. சராசரி 60 வேண்டுமானால் மொத்தம் ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் போகும்போதே தீர்ந்துவிட்டது. விமானத்தில் வந்தாலும் முடியாது.