கம்பனி மூடப்பட்டால் கழகமும் மறைந்துவிடுமா?

அக்கரப்பத்தனைப் பிரதேசத்துத் தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். கிளாஸ்கோ, பெல்மோரல், ஹோல்புறூக், டொரிங்டன் என்று பலவும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பெயர்கள். அந்தத் துரைமாரின் கம்பனிகள் இன்று இல்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு சுவீகரித்தது. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992 இல் பெரும்பாலான தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் கொண்டுவரப்பட்டு, பின்னர் தனியார் கைக்குச் சென்றன. இத்தனை கைமாறியும் பெயர் மாறவில்லை. கொழும்புத் தேயிலை ஏலத்தில் கொள்வனவு செய்பவர் இன்றும் தோட்டத்தின் முத்திரைப் பெயரைப் பார்த்தே விலை கேட்கிறார்.

ஆக, பெயர் ஒன்று. அந்தப் பெயரை வைத்து வியாபாரம் செய்யும் கம்பனி வேறொன்று. கம்பனி விழுந்தால் பெயருக்கு என்ன நடக்கும்? அதைவிட முக்கியமாக, அந்தப் பெயரை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு என்ன நடக்கும்? இக்கேள்விகளை உலகமே பேசும் அளவுக்கு எழுப்பிய சம்பவம் ஒன்று, நமது தோட்டத்தின் அதே பெயரைக் கொண்ட ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது. உதைபந்தாட்டத்தில் ஆர்வமில்லாத வியாபாரியும் அறிந்திருக்க வேண்டிய கதை இது.

ரேஞ்சர்ஸ் கழகத்துக்கு நேர்ந்தது

ரேஞ்சர்ஸ் உதைபந்தாட்டக் கழகம் 1872 இல் தொடங்கப்பட்டது. 1899 இல்தான் அது கம்பனியாகப் பதிவானது. அதாவது கம்பனி பிறப்பதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே கழகம் இருந்தது. பின்னாளில் எழுந்த சர்ச்சையில் இந்த விபரம் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது.

2011 மே மாதத்தில் கழகத்தின் பெரும்பான்மைப் பங்குகள் கிரெய்க் வைட் என்பவருக்கு ஒரே ஒரு பவுணுக்கு விற்கப்பட்டன. அத்துடன் சுமார் 18 மில்லியன் பவுண் வங்கிக் கடனைத் தீர்க்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. அந்தப் பணத்தை அவர் சொந்தப் பையிலிருந்து கொடுக்கவில்லை. வரப்போகும் ஆண்டுகளின் நுழைவுச்சீட்டு வருமானத்தை முன்கூட்டியே இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுத் திரட்டினார். நாளைய வருமானத்தை இன்றே விற்று நேற்றைய கடனை அடைத்த கதைதான். (இது தொடர்பான மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து 2017 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.)

அதன்பின் ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியும் விற்பனை வரியும் அரசுக்குச் செலுத்தப்படாமல் சேர்ந்தன. 2012 பெப்ரவரி 14 ஆம் திகதி கழகம் சுயாதீன நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அப்போது சர்ச்சையில் இருந்த பழைய வரிக் கோரிக்கையையும் சேர்த்தால், மொத்தக் கடன் 134 மில்லியன் பவுண் வரை போகலாம் எனக் கணக்கிடப்பட்டது.

கடன் கொடுத்தோருக்கு ஒரு பகுதியைச் செலுத்தி மீதியைத் தள்ளுபடி செய்யும் உடன்படிக்கை ஒன்று முன்வைக்கப்பட்டது. அது நிறைவேறக் கடனின் பெறுமதியில் 75 சதவீதத்துக்கு உரியோர் சம்மதிக்க வேண்டும். பிரித்தானிய வரித் திணைக்களம் மறுத்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ஜூன் 14 ஆம் திகதி, மைதானமும் பெயரும் உட்பட்ட சொத்துக்கள் 5.5 மில்லியன் பவுணுக்குப் புதிய கம்பனி ஒன்றுக்கு விற்கப்பட்டன. பழைய கம்பனி ‘ஆர்.எப்.சி. 2012’ எனப் பெயர் மாற்றப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கலைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இது பழைய கழகமா, புதிய கழகமா?

சட்டத்தின் கண்ணில் கம்பனி ஒரு தனி ஆள். அந்த ஆள் கலைக்கப்பட்டபின் வந்தது வேறு ஆள். “ஆகவே இது புதிய கழகம், பழைய கிண்ணங்களுக்கு உரிமை கோர முடியாது” என்றனர் போட்டிக் கழகங்களின் ரசிகர்கள். “கழகம் என்பது எங்கள் நிறம், எங்கள் மைதானம், எங்கள் வரலாறு, கம்பனி அதை நடத்திய முகவர் மட்டுமே” என்றனர் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள்.

இவ்விடயத்தை ஆராய்ந்த நிம்மோ சிமித் பிரபு தலைமையிலான ஆணைக்குழு, 2012 இல் இரண்டையும் பிரித்தே பார்த்தது. கழகம் என்பது கம்பனியிலிருந்து வேறாக இனங்காணக்கூடியது, அதை நடத்துபவர் மாறினாலும் அது தொடர முடியும் என்பது அதன் நிலைப்பாடு. எனினும் முதற்பிரிவுக் கழகங்கள் புதிய கம்பனியைத் தங்கள் வரிசையில் ஏற்க மறுத்தன. கீழ்ப்பிரிவுகளின் 30 கழகங்களில் 25, அதை ஆக அடிமட்டமான நான்காம் நிலையிலிருந்து தொடங்கச் செய்வதற்கு வாக்களித்தன.

அங்குதான் பெயரின் வலிமை தெரிந்தது. 2012 ஓகஸ்டில் அந்த அடிமட்டப் பிரிவில் நடந்த உள்ளூர்ப் போட்டியொன்றைக் காண 49 ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். 2016 இல் ரேஞ்சர்ஸ் மீண்டும் முதற்பிரிவுக்கு வந்தது. 2021 இல் வென்ற பட்டம் அதன் 55 ஆவது பட்டமாகவே பதிவாகியுள்ளது. முதல் 54 பட்டங்களும் புதிய கம்பனிக்கு முந்தைய காலத்தவை.

இத்தாலியிலும் இவ்வாறு நடந்துள்ளது. 2002 இல் வங்குரோத்தான பியோரென்டினா, ‘புளோரென்சியா வயோலா’ என்ற வேறு பெயரில் நான்காம் பிரிவில் ஆரம்பித்து, மறு ஆண்டில் பழைய பெயரை விலைகொடுத்து மீட்டது. 2004 இல் வீழ்ந்த நாப்போலி மூன்றாம் பிரிவிலிருந்து எழுந்து, 2006 இல் பழைய பெயரைப் பெற்று, 2023 இலும் 2025 இலும் இத்தாலியின் சம்பியனானது. பெயர் என்பது தனியாக விலைபேசி விற்கப்படும் ஒரு சொத்து என்பதற்கு இவை சான்று.

கடனில்லாமலே மறைந்தவை

இதற்கு நேர்மாறான உதாரணங்கள் அயல்நாடான இந்தியாவில் உள்ளன. பஞ்சாபின் ஜே.சி.ரி. கழகம் 1996-97 இல் இந்தியாவின் முதலாவது தேசிய உதைபந்தாட்ட லீக்கை வென்றது. மும்பையின் மஹிந்திரா யுனைட்டெட் 2005-06 இல் அதே பட்டத்தை வென்றது. இரண்டும் பெரிய கம்பனிகளின் அணிகள். மஹிந்திரா 2010 இலும் ஜே.சி.ரி. 2011 இலும் தம் அணிகளைக் கலைத்தன. அவற்றைக் கலைத்தது எந்த வங்குரோத்து நீதிமன்றமும் அல்ல. உரிமையாளரின் தீர்மானம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அவற்றை வாங்கி நடத்த எவரும் முன்வரவில்லை.

கோடிக்கணக்கில் கடன்பட்ட கழகம் பிழைத்தது. பணக்கார முதலாளியின் கழகம் மறைந்தது. ஒரு பெயரைக் காப்பாற்றுவது அதன் வங்கிக் கணக்கு மட்டுமல்ல, அதை “எங்களுடையது” என்று சொல்லும் மக்கள் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கடைக்கும் இதுவே பொருந்தும். ‘நன்மதிப்பு’ என்று கணக்காளர் எழுதுவது பெயர்ப்பலகையின் விலையை அல்ல. மீண்டும் வரும் வாடிக்கையாளரின் பெறுமதியை.

பெயர் பிழைத்தது, கடன் எங்கே போனது?

இனி இக்கதையின் கசப்பான பக்கம். ரேஞ்சர்ஸ் கடன் பட்டியலில் வரித் திணைக்களம் மட்டும் இருக்கவில்லை. பத்திரிகைக் கடை, அம்புலன்ஸ் சேவை, சிறுவர்களின் முகத்தில் வர்ணம் தீட்டுபவர் எனச் சிறிய தொகைக்காகக் காத்திருந்தோரும் இருந்தனர்.

புதிய கம்பனிக்கு உதைபந்தாட்டச் சங்கத்தின் அங்கத்துவம் தேவைப்பட்டது. அதற்கான நிபந்தனைகளுள் ஒன்று, ஏனைய கழகங்களுக்குரிய உதைபந்தாட்டக் கடன்களைத் தீர்ப்பது. அவை பொறுப்பேற்கப்பட்டன. பத்திரிகைக் கடைக்காரருக்கு அப்படி நிபந்தனை விதிக்கும் பலம் இருக்கவில்லை. அவரது பற்றுச்சீட்டு பழைய கம்பனியோடு தங்கிவிட்டது. கலைப்பாளர் பகிரும் பங்குக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே பெயர், அதே நிறம், அதே மைதானம். ஆனால் “உங்கள் கடன் எங்களுடையதல்ல” என்ற பதில்.

மலையகத்தில் இது புதிய அனுபவமல்ல. தனியார்மயமாக்கலின் பின்னரும் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றிடம் எஞ்சிய தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் நிலுவையானது பாராளுமன்றம் வரை பேசப்பட்ட விடயம். தோட்டம் அங்கேயே இருக்கும், கொழுந்தும் பறிக்கப்படும். உழைத்தவரின் நிலுவைக்கு மட்டும் பொறுப்பாளியைத் தேட வேண்டியிருக்கும்.

நமது வியாபாரத்துக்கு இதில் என்ன?

முதலாவது, நீங்கள் யாருக்குக் கடன் கொடுக்கிறீர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள். தனிநபர் வியாபாரமாகவோ பங்குடைமையாகவோ பதிவான கடையென்றால், கடை மூடப்பட்டாலும் கடன் உரிமையாளரின் தலையில் நிற்கும். ‘(தனியார்) லிமிடெட்’ என்றால் கடன்பட்டவர் முதலாளி அல்ல, கம்பனி. முதலாளியின் வாகனத்தையும் வீட்டையும் பார்த்துச் சரக்கு அனுப்பிப் பயனில்லை. தொகை பெரிதாயின் பணிப்பாளரின் தனிப்பட்ட உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிகள் அதைத்தான் செய்கின்றன.

இரண்டாவது, வரிசையை மறக்க வேண்டாம். நமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு கம்பனி கலைக்கப்படும்போது, பிணை பெற்ற வங்கி பிணைச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும். கலைப்புச் செலவு, ஊழியரின் நிலுவை, அரச வரி போன்றவை முன்னுரிமை பெறும். பிணையில்லாமல் சரக்குக் கொடுத்தவர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். நீண்டகாலத் தவணைக்குச் சரக்குக் கொடுக்குமுன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெயரெடுத்த கடையொன்றை வாங்குகிறீர்களா? பெயர், சரக்கு, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் திகதி வரையான கடன் யாருடையது என்பதை மொத்த வியாபாரிகளுக்கும் அறிவியுங்கள். சம்பள நாள்வரை கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கும் தோட்ட மக்களுக்கு உரிமை மாற்றம் தெரியாது. அவர்களுக்குக் கடையின் பெயர்தான் முதலாளி. பழைய கணக்கில் தகராறு வந்தால் கெடப்போவது நீங்கள் விலைகொடுத்து வாங்கிய அந்தப் பெயர்தான்.

நான்காவது, கடனில் மூழ்கிய கம்பனியை விட்டுவிட்டு அதே பெயரில் அடுத்த தெருவில் புதிய கம்பனி திறப்பவர்களும் உண்டு. பிரித்தானியாவில், கலைக்கப்பட்ட கம்பனியின் பணிப்பாளர்கள் அதே பெயரையோ அதையொத்த பெயரையோ ஐந்து ஆண்டுகளுக்குப் பயன்படுத்துவதை, சில விதிவிலக்குகளுடன், 1986 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டு கடனை விட்டுச் செல்வது வழக்கமாகிவிட்டால் சந்தையில் எந்தப் பெயருக்கும் மதிப்பிருக்காது என்பதே அதன் நியாயம்.

ரேஞ்சர்ஸ் அதே கழகமா இல்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ரசிகரிடம் கேட்டால் ஆம் என்பார். அன்று பணத்தை இழந்த கடைக்காரரிடம் கேட்டால், “பெயர் அதுதான், பொறுப்புத்தான் அது இல்லை” என்று சொல்லக்கூடும். நாம் நம் பெயரைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் நாளில் இவ்விருவரின் பதிலும் ஒன்றாக இருக்குமா என்பதை இன்றே நமது கணக்குப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.