அடைக்கலம் தேடும் தாய்

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மணமாகி, கணவனோடு ஐரோப்பிய நாடொன்றில் குடியேறியவள். அவன் அடிக்கிறான். அந்நாட்டு மொழி அவளுக்கு வராது, உற்றாரும் அருகில்லை. ஒரு நாள் குழந்தையை எடுத்துக்கொண்டு, தான் பிறந்த இங்கிலாந்துக்கு விமானம் ஏறிவிடுகிறாள். தாய்வீட்டை அடைந்ததும் துன்பம் தீர்ந்ததென்று கருதுகிறாள். சில வாரங்களில் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வருகிறது. குழந்தையைக் கடத்தினாள் என்பது வழக்கு!

இதற்கு அடிப்படை, 1980-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. பதினாறு வயது நிரம்பாத குழந்தையை, மற்றவருக்குள்ள வளர்க்கும் உரிமையை மீறி ஒருவர் வேறு நாட்டுக்குக் கொண்டு சென்றால், அதனை முன்பு வாழ்ந்த நாட்டுக்கே விரைந்து திருப்பியனுப்ப வேண்டும். யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்நாட்டு நீதிமன்றமே தீர்மானிக்கும். மாணவனாயிருந்தபோது இதைப் படித்த எனக்குக் குறையொன்றும் தென்படவில்லை. விதியை வகுத்தோர் பெரும்பாலும் எண்ணியது, வழக்கில் தோற்றுக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தந்தையைத்தான். பின்னாளில் கணக்கெடுத்தபோதோ, கொண்டு சென்றவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் தாய்மார்! அனைவரும் அடிபட்டவர் அல்லர். எனினும் அத்தகையோர் பலர்.

அவர்களுக்குள்ள முக்கிய வழி 13-ஆவது ஷரத்து. திருப்பியனுப்பினால் குழந்தையின் உடலுக்கோ உள்ளத்துக்கோ கடுந்தீங்கு நேரும் அபாயம் உண்டென்று நிரூபித்தால், நீதிமன்றம் அனுப்ப மறுக்கலாம். தாய் பட்ட அடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "அடித்தது மனைவியைத்தானே, குழந்தையை அன்றே!" என்று எதிர்த்தரப்பு வாதாடும். நிரூபிக்கும் பொறுப்போ அவளுடையது. ஆறு வாரங்களில் முடிவு காண்பதே உடன்படிக்கையின் நோக்கம். மருத்துவச் சான்றும், போலீஸ் பதிவும், அண்டை வீட்டாரின் சாட்சியமும் அவள் விட்டுவந்த நாட்டில், அந்நாட்டு மொழியில் கிடக்கின்றன. தேர்ந்த வழக்கறிஞர் இன்றி இவற்றைத் திரட்டுவது எங்ஙனம்?

இங்கிலாந்தில், உடன்படிக்கையின்படி குழந்தையைத் திரும்பக் கேட்கும் தந்தைக்கு, அவர் செல்வரேயாயினும், அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். எதிர்த்து நிற்கும் தாய்க்கோ வருவாயையும் வழக்கின் வலிமையையும் ஆராய்ந்த பின்னரே அவ்வுதவி. இந்த வேற்றுமையை நியாயமென்று என்னால் ஏற்க இயலவில்லை.

திருப்பியனுப்ப நீதிபதி முனைந்தால், தாயின் வழக்கறிஞர் நிபந்தனைகள் கேட்பார்: தனி வீடு, செலவுக்குப் பணம், கணவன் அணுகாதிருத்தல். ஆனால் லண்டனில் கொடுத்த வாக்குறுதி அங்கே செல்லுபடியாகாமற் போவதும் உண்டு. கடுந்தீங்கின் அபாயம் உறுதியான பின்னும், அதைத் தணிக்கும் ஏற்பாடுகள் அனைத்தையும் ஆராய்ந்த பிறகே மறுக்க வேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை என்று 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்ப வன்முறையைக் கருத்திற் கொள்ளலாம் என்று அதே ஆண்டு ஆஸ்திரேலியா தன் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது.

இதனால்தான், கூடுமாயின் புறப்படுமுன்பே அந்நாட்டு நீதிமன்றத்தில் அனுமதி கேட்பது நலம் என்கின்றனர் வழக்கறிஞர்கள். அதற்கு அங்கேயே ஒரு வழக்கறிஞர் வேண்டும். பணமும் பாஸ்போர்ட்டும் கணவனின் பெட்டியில் இருக்கையில், அவரை அவள் தேடிச் செல்வது எப்படி?