துணிவின் வேர்கள் – 9: சைக்கிளை விட்டு இறங்குவதில்லை

1881இல் கோலாலம்பூரில் பரவிய தீக்குப் பிறகு அந்நகரின் பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் புகைந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதே பகுதியிலிருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலை நிறுவனத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் 1941இல் மலாயாவின் கிள்ளானில் நடந்த ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்ததிலிருந்து மனம் வேறு எதிலும் ஒட்டவில்லை.

எதிர்பார்த்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், மருத்துவ வசதி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் யாரும் வரம்பு மீறக் கூடாது. கூடவே இன்னொன்று: துரையோ (வெள்ளைக்கார மேலாளர்) கிராணியோ (தோட்ட எழுத்தர்) எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் சாலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். விடியலில் மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு ஒருவர் சைக்கிளில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு, திரும்புகிறார். பின்னால் மகன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே கிராணி வருகிறார். அப்பா பிரேக்கைப் பிடித்து இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ஓரமாக நிற்கிறார். கிராணி கடந்து போன பிறகுதான் மறுபடி ஏற முடியும். மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கூலி உயர்வு கேட்டால் நிர்வாகம் ரப்பர் விலையைக் காட்டிப் பேரம் பேசலாம். சைக்கிள் கோரிக்கைக்கு ஒரு காசு செலவில்லை. அதை மறுப்பவர், 'நீ எனக்குக் கீழே நிற்பதுதான் எனக்கு வேண்டும்' என்று வாய்விட்டுச் சொன்னதாக ஆகிவிடும். தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன ஒன்றை 'இது மாறலாம்' என்று முதலில் நினைத்துப் பார்த்தவரைப் படைப்பாளி என்றே சொல்வேன். கவிதை எழுதுபவருக்கு வேண்டிய அதே கற்பனை அவருக்கும் வேண்டியிருந்தது.

இந்த வழக்கம் கடல் தாண்டி வந்தவர்களுக்குப் புதிதல்ல என்பதுதான் வலிக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்த்தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் சைக்கிள் ஓட்டக் கூடாது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. அங்கே சாதி, இங்கே துரைத்தனம். கிராணிகளிலோ நம்மவர்களும் இருந்தார்கள். சைக்கிளைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்நாட்டின் புதுக்கோட்டையும் நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்களைத் தாண்டித்தான் ஓட்டினார்கள். கிள்ளானுக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே அரை நூற்றாண்டு இருக்கிறது. இரண்டு இடத்திலும் சைக்கிள் இருக்கையில் உட்காருவதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது.

கிள்ளானில் இந்தத் துணிவைத் திரட்டியவர் 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர்.எச். நாதன். 1936இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கமும் 1937இல் நேரு வந்து போனதும் அதற்கு மண்ணைப் பதப்படுத்தியிருந்தன. தொழிலாளர்கள் காந்தி குல்லாய் அணிந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1941 மே மாதத்தில் நாதன் கைதாகி, பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, துருப்புகள் வந்தன, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நியாயமான கூலியும் சைக்கிளில் நிமிர்ந்து உட்காரும் உரிமையும் கேட்டவர்கள் அவர்கள். கிள்ளான் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இது ஒரு முழுப் பாடமாக இருக்க வேண்டும்.

நாதனின் கைதுக்குப் பின் தோட்டங்களில் நடந்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)