உவர் அளக்கும் கருவியும் அதன் திரையை வாசிக்கும் முறையும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஆறுகள் இல்லை. மாரி மழைநீர் சுண்ணக்கல்லினூடே கீழிறங்கி, நிலத்தடி உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. தோட்டக் கிணறுகள் இந்நன்னீரையே நம்பியுள்ளன. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அதன் கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் விரைவாக மேலேறும்.

முன்னாளிற் கமக்காரர் நீரை நாவிற் சுவைத்தே அறிந்தனர். அதே நீரை நாள்தோறும் பருகும் நாவுக்கு உவர் பழகிவிடும். சிறிது சிறிதாக ஏறும் உவரை அது காட்டாது. இன்று பேனா போன்ற சிறு மின்னணுக் கருவி இவ்வேலையைச் செய்கின்றது. நீரில் உப்புக் கூடினால் மின்சாரம் எளிதிற் பாயும். அப்பாய்ச்சலை அளந்து, கருவி திரையில் எண்ணாகக் காட்டும். கருவி செம்மையாயிருந்தும் வாசிப்பிற் பிழை நேர்வதுண்டு. அப்பிழைகள் வருமாறு:

1. அலகைக் கவனியாமை. பல கருவிகள் 1999 வரை மைக்ரோ சீமன்ஸிலும், அதற்கு மேல் மில்லி சீமன்ஸிலும் தாமாகவே மாற்றிக் காட்டும். 1999 ஐ அடுத்து 2.00 தோன்றும். சென்ற கிழமை 950 கண்டவர் இன்று 2.10 கண்டு, நீர் நன்னீராயிற்று என எண்ணலாம். உண்மையில் அது 2100 ஆகும். அந்நீரைத் தொடர்ந்து இறைத்தால் வெங்காய விளைச்சலில் நாலிலொரு பங்குக்கு மேல் குறையலாம். எண்ணின் அருகே 'எம்' எழுத்து நின்றால் மில்லி. வால் நீண்ட 'மியூ' எழுத்து நின்றால் மைக்ரோ. 1 மில்லி என்பது 1000 மைக்ரோ.

2. நிறுத்தும் விசை. 'ஹோல்ட்' விசை அழுத்தப்பட்டிருந்தால் பழைய எண்ணே திரையில் நிற்கும். வேறு கிணற்றில் தோய்த்தாலும் மாறாது.

3. தனித்த 1. அளவெல்லையை மீறிய உவர்நீரிற் சில கருவிகள் திரையின் இடப்புறத்தில் 1 மட்டும் காட்டும். அது நன்னீரின் அடையாளமன்று.

4. 'பி.பி.எம்.' காட்டும் நிலை. இதில் தோன்றும் எண், மைக்ரோ சீமன்ஸ் எண்ணின் பாதி முதல் பத்தில் ஏழு பங்கு வரையே இருக்கும். இரண்டையும் ஒப்பிடல் ஆகாது.

அளக்கும் முறை: கருவியின் முனையைச் சுத்தமான நீரிற் கழுவி, பின் கிணற்று நீரில் தோய்த்து, எண் அசையாது நிற்கும் வரை பொறுத்தல் வேண்டும். 25 பாகை செல்சியஸில் 1413 மைக்ரோ சீமன்ஸ் காட்டவேண்டிய சோதனைக் கரைசலில் இடையிடையே தோய்த்துக் கருவியைச் சரிபார்த்தல் நன்று.

பயிருக்கேற்ற அளவு: ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் கணிப்பின்படி, நல்ல வடிகாலுள்ள நிலத்தில் விளைச்சல் குறையாமலிருக்க நீரின் அளவு வெங்காயத்துக்கு 800, மிளகாய்க்கு 1000, தக்காளிக்கு 1700, நெல்லுக்கு 2000 மைக்ரோ சீமன்ஸுக்கு மேற்படலாகாது.

இறைப்பின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் அளத்தல் வேண்டும். முடிவில் எண் ஏறியிருப்பின் உவர் மேலெழுகின்றது. அன்று இறைப்பை நிறுத்தி, மறுமுறை குறைந்த நேரமே இறைத்தல் கிணற்றைக் காக்கும்.

நாள், நேரம், எண், அலகு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் நன்று. விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையிலோ ஆலோசனை கேட்கும்போது எண்ணுடன் அலகையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்புவோர், எண்ணின் அருகிலுள்ள சிறிய எழுத்தும் படத்திற் தெளிவாகத் தெரியுமாறு பிடித்தல் வேண்டும்.