இணையத்தில் நம் பள்ளிக்கு ஓர் இடம்



2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23 முதல் 25 வரை, யேர்மனியின் கேல்ன் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. பல நாடுகளிலிருந்தும் வந்த தமிழறிஞரும் கணினி வல்லுநரும் கூடி, தமிழை இணையத்தில் வளர்க்கும் வழிவகைகளை ஆராய்ந்தனர். மாநாடு நிறைவுற்ற மறுநாள், ஒக்ரோபர் 26இல், யாகூ நிறுவனம் தனது ஜியோசிற்றீஸ் சேவையை மூடியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அடுத்தடுத்த நாள்களில் நிகழ்ந்த இவை நம் பள்ளிகளுக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன.

ஜியோசிற்றீஸ் என்பது 1990களில் எவருக்கும் இலவசமாக இணையத்தில் இடம் வழங்கிய ஒரு சேவை. அவ்விடங்கள் ஊர்களைப் போலப் பெயரிடப்பட்டிருந்தன. கல்வி, இலக்கியம் பற்றிய பக்கங்களுக்கு 'ஏதென்ஸ்' என்று ஒரு வட்டாரம் இருந்தது. தமிழார்வலர் பலர் தம் முதற் பக்கங்களை இத்தகைய இலவச இடங்களிலேயே அமைத்தனர். சேவை மூடப்பட்டபோது, தம் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருந்தோர் வேறிடம் சென்றனர். ஏனையோரின் பக்கங்களுள், தன்னார்வலர்களும் இணைய ஆவணக் காப்பகத்தினரும் விரைந்து காப்பாற்றிய ஒரு பகுதியே எஞ்சியது.

இணையத்தில் இடம் பெறுதல் என்பது காணி வாங்குவதன்று. வீடு வாடகைக்கு எடுப்பதாகும். வாடகை ஒப்பந்தம் எவர் பெயரில் இருக்கின்றது, திறப்பு எவரிடம் இருக்கின்றது, வீடு எரிந்தால் பொருள்களின் படி எங்கே இருக்கின்றது என்பவற்றை அறிந்த பின்பே குடிபுக வேண்டும்.

முதலில் இதன் இயக்கத்தைச் சுருக்கமாகக் காண்போம். இணையப் பக்கம் என்பது கோப்புகளின் தொகுதி. அக்கோப்புகள் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கும் ஒரு கணினியில் இருத்தல் வேண்டும். அதனை வழங்கி என்போம். ஒவ்வொரு வழங்கிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. மனிதர் எண்களை நினைவில் வைத்திருப்பது கடினமாதலால் பெயர்கள் ஏற்பட்டன. நீங்கள் ஒரு பெயரைத் தட்டச்சுச் செய்ததும், பெயர்களுக்குரிய எண்களைச் சொல்லும் கணினிகள் உரிய எண்ணைத் தேடித் தருகின்றன. உங்கள் கணினி அவ்வெண்ணுக்குரிய வழங்கியைக் கேட்க, அது கோப்பை அனுப்புகின்றது. ஆகவே பெயர் வேறு, இடம் வேறு. ஒரே நிறுவனத்திடம் இரண்டையும் ஒரே கட்டணத்தில் பெறுவதால் பலர் இவற்றை ஒன்றென எண்ணி விடுகின்றனர். உண்மையில், பெயரை வைத்துக்கொண்டே இடத்தை மாற்றலாம். பெயரை இழந்தாலோ, இடம் இருந்தும் பயனில்லை. பழைய மலர்களிலும் அழைப்பிதழ்களிலும் அச்சிட்ட முகவரி வேறொருவர் வாசலுக்கு வழிகாட்டக்கூடும்.

யேர்மனிக்குரிய 'டி.இ.' என முடியும் பெயர்கள் 1986 நவம்பர் 5 முதல் வழக்கில் உள்ளன. அவற்றைப் பிராங்பேர்ட் நகரிலுள்ள டேனிக் என்னும் கூட்டுறவு நிறுவனம் நிருவகிக்கின்றது. 'ஊ', 'ஓ' ஒலிகளின் மேல் இரு புள்ளியிட்டு எழுதும் யேர்மன் எழுத்துகளை 2004 முதல் இப்பெயர்களில் பயன்படுத்தலாம். தமிழ் எழுத்துகளுக்கு இங்கு இன்னும் இடமில்லை. தமிழில் முடியும் முகவரிகள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உண்டு என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இனி, மிகுந்த கவனம் வேண்டிய இடத்துக்கு வருவோம். வழக்கமாக நடப்பது யாதெனில், கணினி அறிந்த ஒரு தந்தையாரோ பல்கலைக்கழகத்திற் பயிலும் பழைய மாணவர் ஒருவரோ, நல்லெண்ணத்துடன் தம் சொந்தப் பெயரில், தம் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்திப் பள்ளிக்கு இடம் எடுத்துக் கொடுக்கின்றார். சில ஆண்டுகளில் அவர் வேறு நகருக்குக் குடிபெயர்கின்றார். பிள்ளைகளும் பள்ளியை விட்டு நீங்குகின்றனர். ஒருநாள் பழைய வங்கிக் கணக்கு மூடப்படுகின்றது. கட்டணம் செல்லாது திரும்புகின்றது. வழங்கி நிறுவனம் நினைவூட்டல் அனுப்புகின்றது. பின்னர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கின்றது. பெயரை அது டேனிக்கிடம் ஒப்படைத்தால், டேனிக் அப்பெயரின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதி, பெயரை வைத்திருக்க விருப்பமா என வினவும். அக்கடிதம் எந்த முகவரிக்குச் செல்லும்? பதிவிலுள்ள முகவரிக்கு; அதாவது அந்தத் தந்தையார் எப்போதோ விட்டுச் சென்ற வீட்டுக்கு.

பெயர் நீக்கப்பட்ட பின்னரும் 30 நாள்கள் அவகாசம் உண்டு. அந்நாள்களில் பழைய உரிமையாளர் மட்டுமே அதனை மீட்க முடியும். பள்ளி நிருவாகம் எத்தனை மடல் எழுதினும் பயனில்லை. ஏனெனில் பதிவேட்டின்படி உரிமையாளர் பள்ளியன்று. 30 நாள்கள் கடந்தால் உலகில் எவரும் அப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். நன்கு அறியப்பட்ட பெயர்களைக் காத்திருந்து எடுத்து வாணிகம் செய்வோரும் உளர்.

ஆதலால் பெயரைப் பள்ளியை நடத்தும் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். சங்கம் நீதிமன்றப் பதிவு பெறாததாயின், பொறுப்பிலுள்ளவர் ஒருவரின் பெயரில் எடுத்து, அது பள்ளிக்குரியது என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுவது நன்று. பணம் சங்கத்தின் கணக்கிலிருந்து செல்லட்டும். கடவுச்சொல்லை இருவரேனும் அறிந்திருக்கட்டும். கணக்குக்குத் தொடர்பு மின்னஞ்சலாகப் பள்ளியின் புதிய முகவரியையே கொடுத்துவிடாதீர்கள். பெயர் நின்றுபோனால் அம்மின்னஞ்சலும் நின்றுபோகும். திறப்பை வீட்டினுள் வைத்துக் கதவைப் பூட்டிய கதையாகும். நிருவாகம் மாறும்போது வரவுசெலவுப் புத்தகத்தைக் கைமாற்றுவது போல இக்கணக்கையும் கைமாற்ற வேண்டும்.

எந்தத் தொகுப்பை வாங்குவது என்பது பற்றி அதிகம் தலையை உடைக்க வேண்டியதில்லை. மாதம் சில யூரோக்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறிய தொகுப்பே ஒரு பள்ளிக்குப் போதும். ஒரு கணக்கைப் பாருங்கள். இன்றைய ஒருங்குறி முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைற்று இடம் பிடிக்கின்றது. ஒரு பக்கத்தில் 2,000 குறியீடுகள் எனக் கொண்டால் 6,000 பைற்று. 100 பக்க மலர் முழுவதுக்கும் 6 இலட்சம் பைற்று. கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு படம் 30 இலட்சத்தைத் தாண்டுவதுண்டு. அதாவது ஐந்து ஆண்டு மலர்களின் எழுத்து முழுவதும் ஒரு படத்தினுள் அடங்கிவிடும். இடம் போதவில்லை என்ற முறைப்பாடு எழுந்தால், படங்களைச் சுருக்குங்கள், கட்டுரைகளை நீக்காதீர்கள்.

ஒருங்குறி பற்றி ஒரு சொல். நம் பெரியோர் பலர் இன்றும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கின்றனர். அதனை மாற்றாது அப்படியே ஏற்றினால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும், தேடுவோருக்கும் அகப்படாது. மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேல்வகுப்பு மாணவர்களே, பழைய மலர்களின் கட்டுரைகளை இவ்வாறு மாற்றிப் பிழை திருத்துதல் உங்களுக்கு ஏற்ற பணியாகும்.

யேர்மனியின் சட்டங்கள் இரண்டினை மறத்தலாகாது. ஒன்று 'இம்ப்ரெசும்' என்னும் பொறுப்பாளர் விவரம். சங்கத்தின் பெயர், அஞ்சற்பெட்டியன்றி உண்மையான முகவரி, சங்கத்தின் சார்பிற் பேசும் அதிகாரமுள்ளோர், மின்னஞ்சல், பதிவு நீதிமன்றமும் பதிவெண்ணும் அதில் இடம்பெறும். 2024 மே 14 முதல் இது எண்ணிமச் சேவைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவில் உள்ளது. மற்றையது பிள்ளைகளின் படங்கள். ஒருவரின் படத்தை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்னும் விதி இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. இணையத்தை எவரும் கனவிற்கூடக் காணாத காலம்! 2018 மே 25 முதல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துள்ளன. ஆகவே விழாப் படங்களை ஏற்றுமுன் பெற்றோரின் எழுத்துமூல இசைவைப் பெறுங்கள். விவரமறியும் வயதை எட்டிய பிள்ளையையும் கேளுங்கள்.

இறுதியாக, படியெடுத்தல். 2021 மார்ச் 10ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், ரைன் ஆற்றின் அக்கரையில், நம் கேல் நகருக்கு எதிரேயுள்ள ஸ்ராஸ்பூர்க்கில், ஓ.வி.எச். என்னும் பெரிய வழங்கி நிறுவனத்தின் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இலட்சக்கணக்கான இணையத்தளங்கள் நின்றுபோயின. மேலதிகக் கட்டணம் செலுத்திக் காப்புப் படி வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், தமது படியும் அதே கட்டடத்திலேயே இருந்து எரிந்ததெனப் பின்னர் அறிந்தார். அவர் வழக்குத் தொடுத்து, 2023இல் லில் நகர வணிக நீதிமன்றில் இழப்பீடும் பெற்றார். எரிந்த கோப்புகளை நீதிமன்றத்தால் மீட்டுத்தர இயலுமா?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, அச்சிட்ட நூல்களுட் பலவற்றை வேறிடங்களிலிருந்து மீண்டும் பெற முடிந்தது. ஒரே படியாயிருந்த சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனவை போனவையே. 1998 பொங்கல் நாளில் சுவிற்சர்லாந்தின் லோசானில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி, தலைப்புப் பக்கத்தை மாற்றாது எவரும் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என்று ஒவ்வொரு நூலிலும் எழுதி வைத்தது. அவை இன்று எத்தனையோ கணினிகளில் உள்ளன.

நம் பள்ளியும் மாதம் ஒருமுறை கோப்புகள் அனைத்தையும் தரவுத்தளத்தோடு சேர்த்து இறக்கி, ஒரு படியைப் பள்ளி அலுவலகத்திலும் மற்றொன்றை வேறொருவர் வீட்டிலும் வைக்கலாம். ஆண்டு மலரின் படியொன்றை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் இணையத்தளத்துக்கும் அனுப்பலாம். இறக்கிய படியை ஆண்டுக்கொருமுறை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்க மறுக்கும் கோப்புகள் அன்றுதான் தெரியவரும். மூலம் அப்போது இன்னும் வழங்கியில் இருக்கும்.