சாவி இல்லாத உண்டியல்

எத்தேரியம் பிளாக்செயினின் பேரேடு ஊர் நடுவே விரித்து வைத்த கணக்குப் புத்தகம். எந்த முகவரியிலிருந்து எதற்கு எவ்வளவு போனது என்று யாரும் படிக்கலாம். முகவரி யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அவருடைய சம்பளம், நன்கொடை, கடன் எல்லாம் அம்பலம். இந்தச் சங்கடத்துக்கு விடையாக 2019இல் வந்தது டொர்னேடோ கேஷ் என்ற நிரல்.

கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தேரியத்தின் நாணயமான ஈதரில் 0.1, 1, 10, 100 என அளவுக்கொரு உண்டியல். ஒன்றில் போடுவோர் எல்லோரும் ஒரே தொகையைத்தான் போட வேண்டும். பணத்தோடு ஒரு ரகசிய எண்ணின் கணிதச் சுவடும் உள்ளே போகிறது. பிறகு வேறொரு முகவரியிலிருந்து வந்து, 'போட்டவர்களில் நானும் உண்டு, இன்னும் எடுக்கவில்லை' என்று நிரூபித்து எடுத்துக்கொள்ளலாம். எது தன் பணம் என்று காட்ட வேண்டியதில்லை. ரகசியத்தைச் சொல்லாமலே அது தனக்குத் தெரியும் என்று நிரூபிக்கும் இந்தக் கணிதம் 1980களில் பிறந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

2020 மே மாதம் உருவாக்கியவர்கள் ஒரு படி மேலே போனார்கள். நிரலை மாற்றும் அதிகாரத்தையே நிரந்தரமாகக் கைவிட்டார்கள். அதன்பின் அதை நிறுத்த அவர்களாலும் முடியாது.

வட கொரியாவின் லாசரஸ் குழு திருடிய பணமும் இதே உண்டியலில் விழுந்தது. 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க நிதித்துறை, ஆட்களையும் நிறுவனங்களையும் கப்பல்களையும் சேர்க்கும் தடைப்பட்டியலில் இந்த நிரலின் முகவரிகளைச் சேர்த்தது. உடனே யாரோ அதிலிருந்து பிரபலங்களின் முகவரிகளுக்கு 0.1 ஈதர் அனுப்பிவைத்தார்கள். வருவதை மறுக்க அங்கே வழியில்லை. கேட்காமலே அவர்கள் தடையைத் தொட்டவர்கள் ஆனார்கள்.

2024 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. தடைக்கு ஆதாரமான 1977ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கச் சொல்வது சொத்தை. சொத்து என்றால் ஒருவருக்கு உரியதாக, பிறரை விலக்கக் கூடியதாக இருக்க வேண்டும். யாராலும் பூட்ட முடியாத நிரல் யாருடைய சொத்து? சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். 2025 மார்ச்சில் தடை விலகியது. தடை இருந்த 31 மாதங்களிலும் நிரல் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

எழுதியவர்களைச் சட்டம் விடவில்லை. அவர்களில் ஒருவரான அலெக்சி பெர்ட்செவுக்கு 2024இல் நெதர்லாந்தில் 5 ஆண்டு 4 மாதச் சிறை விதிக்கப்பட்டது; அவர் மேல்முறையீடு செய்தார். நிரல் எழுதியதையே குற்றமாக்கினால் நாளை எந்தக் கணித வல்லுநர் துணிந்து எழுதுவார் என்ற அச்சம் எனக்கு உண்டு. அதற்காகத் திருடனுக்கு வழிவிடவும் முடியாது. ஈதரைக் கொண்டு அரிசி வாங்க வேண்டுமானால் எங்கேனும் அதை ரூபாயாகவோ டாலராகவோ மாற்றித்தான் ஆக வேண்டும். காவல் அந்த வாசலில் நிற்கட்டும். இந்தியா 2023 மார்ச்சில் கிரிப்டோ சந்தைகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது அப்படித்தான். அந்த வாசலில் அடையாளம் கேட்க ஆள் இருக்கிறார்.